தாமதமாக வரும் பிள்ளைகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த் என்னும் ஊரைக் காகிதத்தில் வரைந்தவர்கள், அங்கே பிள்ளைகள் காலையில் எப்படிப் பள்ளிக்கு வந்து சேருவார்கள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்து 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வீடும் தோட்டமுமாக இருந்த இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, 1960களில் இந்த மேடுபள்ளங்களில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்புகள், மறுபக்கம் ஜூலு மக்களுக்கென்று உம்லாசி, இடையில் இந்தியர்கள். பகுதிகளுக்கு எண் போட்டார்கள். இன்றும் பெரியவர்கள் யூனிட் த்ரீ, யூனிட் ஃபைவ் என்றுதான் வழி சொல்கிறார்கள். சட்டம் 1991இல் ரத்தானது. சாலைகள் ரத்தாகவில்லை. நான் வேலை செய்யும் கிரெஷ்ஷுக்கு (பாலர் பள்ளிக்கு) எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை இன்றைக்கும் அந்தச் சாலைகள்தான் தீர்மானிக்கின்றன.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரி. கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தேன். ஊரில் பாலர் பள்ளியில் இருந்த அனுபவம் கைவசம் இருந்தாலும், இங்கே பாலர் கல்விக்கான நான்காம் நிலைச் சான்றிதழை மறுபடி உட்கார்ந்து படித்துத் தேறிய பிறகுதான் வகுப்பறைக்குள் விட்டார்கள். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் முதல் கரும்புத் தோட்டக் கூலிகள் வந்து இறங்கிய நாள் முதல், இங்கே வந்த தமிழர்களில் பெரும்பங்கு வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். பேரனை அழைத்துப்போக வரும் ஓர் ஆயாவுக்கு இது போதும். வாசலில் என்னைக் கண்டால், "ஏம்மா, ஆத்துல தண்ணி போவுதா?" என்று கேட்பார். பாலாற்றைத்தான். அவர் இந்தியாவுக்குப் போனதே இல்லை. பாலாற்றில் தண்ணீர் வருவது அபூர்வம் என்று சொல்ல எனக்கு இதுவரை மனம் வரவில்லை.

தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று நாம் பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்தும் வெல்பெடாக்டிலிருந்தும் வருகிறவர்கள் ஜூலு பேசுகிறார்கள். கொங்கோவிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சும் சுவாஹிலியும் கலந்து பேசுகிறார்கள். மலாவிக்காரர்கள் இருக்கிறார்கள். மூலைக் கடை வைத்திருக்கும் பாகிஸ்தானியரின் இரட்டைப் பெண்கள் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள், "எவ்வளவு அழகு, வானவில் தேசம்!" என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வரும் நேரம் பெரும்பாலும் பதினோரு மணி. எட்டரை மணிக்கு வந்து பார்க்கவேண்டும்.

அப்போதெல்லாம் மார்னிங் ரிங் எட்டரைக்கு. பாயில் வட்டமாக உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பாடி, வானம் எப்படி இருக்கிறது, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள். அன்றைய கதையும் அதில்தான். ஒரு பிள்ளை நாலு பேர் நடுவில் வாய் திறக்கப் பழகுவது அந்த அரை மணி நேரத்தில். காரில் வரும் பிள்ளைகள் ஏழேகாலுக்கே வந்துவிடுவார்கள். ஜேக்கப்ஸ், மொபெனி பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் தாய்மார்கள் இருட்டோடு இருட்டாகக் கொண்டுவந்து விடும் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். வராதவர்கள், வெல்பெடாக்டிலிருந்து 'குவாண்டம்' வேனில் வருகிறவர்கள். அந்த ஓட்டுநர் மேல் குற்றமில்லை. அதே வண்டியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே அவர்களை முதலில் இறக்கிவிட்டு, சண்டைக்கு வராத எங்களிடம் கடைசியில் வருவார். ஒன்பது மணிக்குப் பக்கம் ஆகிவிடும். வட்டம் கலைந்திருக்கும். நேரே சமையலறை வாசலுக்குப் போய் மக்காச்சோளக் கஞ்சி குடிப்பார்கள்.

பருவ முடிவில் எழுதும் குறிப்புகளில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. "குழுவில் பேசத் தயங்குகிறான்." "சொல்வளம் குறைவு." வீட்டில் ஆங்கிலம் இல்லை, அதனால்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் ஒன்று தயாராக இருந்தது. அதை உடைத்தவர் எங்கள் சமையல் பாட்டி. எல்லோருக்கும் அவர் கோகோ, ஜூலுவில் பாட்டி. ஊழியர் கூட்டத்தில் யாரும் கேட்காமலே சொன்னார்: "நீங்கள் பேசக் கற்றுக்கொடுக்கிற நேரத்தில் இவர்கள் என்னோடு கஞ்சி குடிக்கிறார்கள். என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறார்கள்?"

பிரின்சிபல் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களைச் சரிபார்த்தார். தயங்குகிறவர்களும் தாமதமாக வருகிறவர்களும் அநேகமாக ஒரே பிள்ளைகள். அடுத்த திங்கள் முதல் வட்டம் ஒன்பதரைக்கு மாறியது. அவ்வளவுதான் செய்தது. காசு செலவில்லை, பயிற்சிப் பட்டறை இல்லை. ஆனால் காரில் வருகிற பெற்றோரிடமிருந்து வந்த எதிர்ப்பு இருக்கிறதே! "ஏழரைக்குக் கொண்டுவந்து விடுகிறோம், ஒன்பதரை வரை வெறும் விளையாட்டா?" என்றார்கள். "ஆமாம், விளையாட்டுத்தான்" என்றார் பிரின்சிபல். பிறப்பு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2015இல் அரசு வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகமும் விளையாட்டின் வழியாகத்தான் கற்றல் என்கிறது. அதைப் பெற்றோர் நம்புவது வேறு கதை. ஒரு குடும்பம் பிள்ளையை வேறிடத்தில் சேர்த்துவிட்டது. சேர்த்த அப்பா நல்ல மனிதர், யாரையும் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை. தன் பிள்ளையின் நேரம் இன்னொரு பிள்ளைக்காகத் தள்ளிப்போவது மட்டும் அவருக்குத் தாங்கவில்லை. இந்த வேலையில் நான் அடிக்கடி சந்திப்பது வெறுப்பை அல்ல, இதைத்தான்.

சாப்பாட்டுக்கு ஒரே பானை என்று நான் சேருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. இறைச்சி கிடையாது. ஹலாலா என்று ஒரு வீடு கேட்கும், மாட்டிறைச்சி கலக்குமா என்று ஒரு வீடு கேட்கும், புரட்டாசியில் பாதி வீடுகள் கேட்கும். பீன்ஸ் கறி, பருப்பு, பூசணி, சாம்ப் என்னும் உடைத்த மக்காச்சோளம், வெள்ளிக்கிழமை புத்துவும் அமாசியும். புத்து என்பது நம் உதிர்ந்த உப்புமா பதத்தில் மக்காச்சோள மாவு; அமாசி புளித்த பால். எங்கள் தயிர்ச் சாதக் குழந்தைகள் அதை எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். தனித் தட்டு, தனி மேசை என்று ஆரம்பித்திருந்தால் மூன்று வயதிலேயே பிள்ளைகள் யார் எந்த மேசை என்று மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஒரு வருடம் காது கேளாத சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். அம்மா பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை விற்பவர். (சாட்ஸ்வர்த்தின் சந்தைக்கு அந்தப் பெயர், வங்கத்தாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) மகளுக்குக் கேட்கவில்லை என்று உறுதியாகவே மூன்று வயது தாண்டிவிட்டது, ஒரு மருத்துவமனையில் தேதிக்கு மேல் தேதி. அதற்குள் வீட்டில் அவளுக்குப் 'பிடிவாதக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைகளில் ஒரு காது கேளாத பெண்மணி வந்து சைகை மொழி சொல்லித்தர ஏற்பாடாயிற்று. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023இல் நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆனது. இது அதற்குச் சற்று முந்தைய கதை. அவளுக்கு மட்டும் தனியே ஒரு மூலையில் கற்றுக்கொடுப்பதா, வகுப்புக்கே கற்றுக்கொடுப்பதா என்று கேள்வி எழுந்தது. தனியே கற்றால் அவள் யாரோடு பேசுவாள்? வகுப்புக்கே என்று வைத்தோம்.

தண்ணீர், கழிப்பறை, போதும், இன்னும் வேண்டும், வலிக்கிறது, என் முறை. இந்தச் சைகைகள் முதலில் பரவின. முதலில் இறுகப் பற்றிக்கொண்டவன் அந்தப் பெண் அல்ல, கொங்கோப் பையன் ஒருவன். சேர்ந்ததிலிருந்து எந்த மொழியிலும் ஒரு வார்த்தை பேசாதவன். ஊஞ்சல் பக்கம் நின்று 'என் முறை' என்று கையால் காட்டினான். அடுத்து கழிப்பறைக்கு. ஆங்கிலமா ஜூலுவா என்று தடுமாறிய பிள்ளைகள் எல்லோருக்கும் கை கொடுத்தது கைதான். தூங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் தண்ணீர் கேட்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் இந்தியப் பிள்ளைகள். அதை வைத்துக்கொண்டு தூங்காமல் பாயில் கிடந்து மணிக்கணக்காக அரட்டை அடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களும் அவர்களே. ஆசிரியர்களுக்கு ஒரு தொல்லை கூடிற்று.

2021 ஜூலையைப் பற்றி எழுதாமல் போனால் பொய்யாகிவிடும். முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதையொட்டி எங்கள் குவாஸூலு-நட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் கலவரம் மூண்டது. 350க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அதுவும் எங்களைப்போல இந்தியர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர். சாட்ஸ்வர்த்திலும் தெருமுனைகளில் டயரும் மரக்கட்டையும் போட்டு ஆட்கள் காவல் நின்றார்கள். உம்லாசியிலிருந்து வரும் எங்கள் சக ஆசிரியை, எல்லோரும் 'சிஸ்' என்று கூப்பிடுபவர், அந்தத் தடுப்புகளில் தான் யார், எங்கே போகிறேன் என்று சொல்லிச் சொல்லித்தான் வந்து சேர்ந்தார்.

கிரெஷ் திறந்த வாரம் கட்டைகள் அடுக்கும் மூலையில் பிள்ளைகள் சாலைத் தடுப்பு கட்டினார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டு, கையில் ரூலரோடு இரண்டு காவலர்கள். "எங்கே போறே? உன் வீடு எங்கே?" காவலர்களில் ஒருவன் இந்தியன், ஒருவன் ஜூலு. யாரைத் தடுக்கவேண்டும் என்பது இன்னும் அவர்களுக்குப் புரியவில்லை, தடுக்கவேண்டும் என்பது மட்டும் புரிந்திருந்தது. நான் போய்க் கலைக்க எழுந்தேன். சிஸ் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தன் கைப்பையை மாட்டிக்கொண்டு தடுப்புக்கு முன்னால் போய் நின்றார். "வேலைக்கு நேரமாச்சு, பிள்ளைங்க காத்திருப்பாங்க" என்றார். காவலர்கள் கலந்து பேசினார்கள். "டீச்சர் போகலாம். மத்தவங்க போகக்கூடாது." "அப்போ நானும் போகலை" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசை நீண்டது. பழம் கொடுக்கும் நேரம் வந்தபோது தடுப்பைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும் என்பதால் காவலர்களே ஒரு கேட் கட்டினார்கள். அந்த விளையாட்டு அதோடு முடிந்துவிடவில்லை. ஆகஸ்ட் முழுக்க ஓடியது, சில நாள் அழுகையில் முடிந்தது. சிஸ் தினமும் போய் நின்றார். அதைப் பற்றி அவரிடம் பேச முயன்றால், "விளையாட்டுதானே" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். பாவாடை சட்டை, பாசிமணி, குல்லாய், புகைப்படம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அம்மா ஜூலு, அப்பா தமிழர் என்று ஒரு பெண் இருந்தாள். எதைப் போடுவது என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் ஸ்பைடர்மேன் சட்டையில் வந்தாள். மொத்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இருந்தவள் அவள்தான். இருந்தாலும் தாய்மார்களுக்கு அந்த நாள் பிடிக்கிறது, வாசலோடு நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காருகிறார்கள். ஆகையால் நடக்கிறது.

கணக்குக்கு வருவோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒரு ஆள் என்பது விதி. பார்வையோ நடையோ குறைவான பிள்ளை ஒன்று அறையில் இருந்தால் அந்த விகிதம் காகிதத்தோடு சரி. இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு அரசு தரும் மானியம் நாளொன்றுக்கு 17 ராண்ட் என்று 2019 முதல் அசையாமல் நின்றது. 2025இல்தான் 24 ஆனது. 2022இல் பாலர் கல்வியைச் சமூகநலத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாற்றியபோது படிவங்கள் மாறின, எங்கள் சம்பளம் மாறவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கூடம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்கான பணத்தில் ஒரு பங்கு குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிஸ் மாதிரிப் பெண்களின் மடியிலிருந்து போகிறது.

ஜனவரியில் பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போகிறார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கூடியவரை அக்கம்பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கவேண்டும் என்று 2001இல் வந்த 'ஆறாம் வெள்ளை அறிக்கை' என்னும் அரசுக் கொள்கை ஆவணம் இருபது ஆண்டுத் திட்டம் போட்டது. இருபது ஆண்டு முடிந்துவிட்டது. கீரைக்காரரின் மகள் நகரின் மறுகோடியில் உள்ள காது கேளாதோர் பள்ளிக்குத்தான் போனாள். அங்கே அவள் மொழி பேசும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அம்மாவுக்கு அது நிம்மதி. அவளோடு கையால் பேசிய பிள்ளைகள் வேறு பள்ளிகளில்.

வெல்பெடாக்ட் பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டிய கேட் காத்திருக்கிறது. ஒரே வண்டி இரண்டு பள்ளிகளுக்குப் போகிறது. எதை முதலில் தொட்டாலும் இன்னொன்றில் தாமதம். போன நவம்பரில் பிரின்சிபல் இரண்டு பள்ளிகளுக்கும் கடிதம் எழுதினார்: இன்னின்ன பகுதியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், வண்டி இத்தனை மணிக்குத்தான் வரும், முதல் பருவத்தில் மட்டுமாவது கேட்டைக் கால் மணி நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள் என்று. ஒரு பள்ளி சரி என்று பதில் போட்டது. மற்றதற்கு இப்போது இரண்டாவது கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைக்கச் சொல்லியிருக்கிறார்.