பேர் வைக்காமல் விட்டவர்

மார்ச் 3

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை மெதுவாக வாசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதி மனப்பாடம், அதுதான் தொல்லை. கண் ஓடிவிடுகிறது, மனசு நிற்பதில்லை. இன்று இரண்டாம் வசனத்தைத் தாண்டவில்லை. 'தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்.' இந்த 'அசைவாடி' வேறெங்கோ படித்த ஞாபகம். தேடினால் பைபிளின் இன்னொரு புத்தகம், உபாகமம் 32:11. அங்கே கழுகு தன் குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறது. மூலமொழியான எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற கட்டளை இன்னும் பிறக்கவில்லை. அதற்கு முன்பே, இருண்டு கிடக்கிற தண்ணீருக்கு மேலே தாய்ப்பறவையின் சிறகு.

மார்ச் 4

பாபிலோனியரின் படைப்புக் கதையை எடுத்துப் பார்த்தேன். மர்துக் என்ற தெய்வம், கடல் தேவதையான தியாமத்தைக் கொன்று உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். தோற்றுப்போன இன்னொரு தெய்வத்தின் ரத்தத்தில் மனிதர்கள் செய்யப்படுகிறார்கள், தெய்வங்களின் வேலைச் சுமையைச் சுமப்பதற்காக. ஆதியாகமத்தில் சண்டையே இல்லை, ஜெயிக்க எதிரியும் இல்லை. மனிதன் வந்ததும் தேவன் முதலில் ஆசீர்வதிக்கிறார். அப்புறம் சாப்பிட என்ன இருக்கிறது என்று காட்டுகிறார்.

மார்ச் 6

அந்தக் கால ஜனங்கள் கும்பிட்ட சூரியனுக்கும் சந்திரனுக்கும் இங்கே பெயர்கூடக் கிடையாது. பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். அதுவும் நாலாம் நாளில், புல் பூண்டெல்லாம் முளைத்த பிறகு. 'நட்சத்திரங்களையும் உண்டாக்கினார்' என்று போகிற போக்கில் ஒரு சொல். சிரித்துவிட்டேன்.

மார்ச் 7

நேரமில்லை. ஒன்று மட்டும்: இரண்டாம் நாளில் 'நல்லது என்று கண்டார்' வரவில்லை. மூன்றாம் நாளில் இரண்டு முறை வருகிறது. தண்ணீரைப் பிரிக்கும் வேலை மூன்றாம் நாளில்தான் முடிந்தது, அதனால் என்பது யூத உரையாசிரியர்கள் சொல்லும் காரணம். எனக்குப் பிடித்திருக்கிறது. அரைகுறை வேலையை அவர் பாராட்டிக்கொள்வதில்லை.

மார்ச் 9

பெயர்களை எண்ணினேன். முதல் அதிகாரத்தில் தேவன் பேரிடுவது ஐந்துக்குத்தான்: பகல், இரவு, வானம், பூமி, சமுத்திரம். அதோடு நிறுத்திவிடுகிறார். மிச்சத்தை ஏன் விட்டார் என்பது இரண்டாம் அதிகாரத்தில் தெரிகிறது. அங்கே வார்த்தையால் மட்டும் படைக்கிறவரும் இல்லை, மனிதனைச் செய்ய மண்ணைப் பிசைகிறார். 2:7-இல் 'உருவாக்கி' என்பதற்கு எபிரெயத்தில் உள்ள வினை, குயவனுக்குச் சொல்வது. மூக்குக்குப் பக்கத்தில் குனிந்து ஊதுகிறார். கைகூட இன்னும் காய்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு மிருகங்களை அவனிடம் கொண்டுவருகிறார், 'என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படி.' எல்லாம் அறிந்தவருக்குப் பார்க்க என்ன இருக்கிறது? பதில் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆனால் வசனம் அப்படித்தான் நிற்கிறது. அவன் யோசிக்கிறான், அவர் காத்திருக்கிறார். அவன் சொன்ன ஒரு பெயரைக்கூட அவர் திருத்தவில்லை. 'அதுவே அதற்குப் பேராயிற்று.'

மார்ச் 10

ஆறு நாளுக்கும் 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்ற முடிவு உண்டு. ஏழாம் நாளுக்கு இல்லை. மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இல்லைதான்.