டபிள்யூ இல்லை, எஸ் வேண்டும்: ஷெங்கன் விசாவுக்காக லண்டனில் ஒரு நாள்

காலை நாலேகாலுக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினேன். நடுவில் வயிற்றுக்குள் போனது ஒரு சாண்ட்விச்சும் பாதி வாழைப்பழமும். எந்த நாட்டு விசா என்று மட்டும் கேட்காதீர்கள், பாஸ்போர்ட் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில். ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஐரோப்பா போகலாம் என்று பேச்சு வந்தது. மற்ற மூன்று பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், டிக்கெட் போட்டதும் அவர்கள் வேலை முடிந்தது. எனக்கு மட்டும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா. பக்கத்து ஊர்களில் ஸ்லாட் இல்லை, ராத்திரி ராத்திரியாகப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து கடைசியில் லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை 11:45 கிடைத்தது. ஃபாரம், இன்சூரன்ஸ் (குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்), மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லெட்டர், 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ எல்லாம் இரண்டு செட் எடுத்து ஃபைலில் போட்டாயிற்று. இவை எதிலும் வம்பு வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

ரயில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு பஸ்ஸே போதும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. பூல் மெடோ பஸ் நிலையத்தில் ஆறு மணி வண்டி. ஒன்பதுக்கெல்லாம் லண்டன் விக்டோரியா பஸ் நிலையம், ஒரு காபி குடித்துவிட்டு சாவகாசமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். லூட்டன் தாண்டுவதற்குள் எம்1 சாலையில் வண்டி நின்றது. நின்றது என்றால் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். பக்கத்து சீட் பெரியவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்ததைப் பார்த்ததும், இது அவருக்குப் பழகிப்போன விஷயம் என்று புரிந்தது.

கோல்டர்ஸ் கிரீனில் பாதி வண்டி காலியானது. அங்கேயே இறங்கி நார்தர்ன் லைன் சுரங்க ரயில் பிடித்தால் நகருக்குள் சீக்கிரம் போய்விடலாம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் விக்டோரியா வரைக்கும் காசு கொடுத்திருக்கிறோமே என்று இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்குத் தண்டனையாக ஃபின்ச்லி ரோடு, பேக்கர் ஸ்ட்ரீட், மார்பிள் ஆர்ச் என்று ஒவ்வொரு சிக்னலையும் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம். காலை நேரத்தில் போகிறவர்கள் தயவுசெய்து கோல்டர்ஸ் கிரீனிலேயே இறங்கிவிடுங்கள்.

விக்டோரியாவிலிருந்து இன்னொரு சிட்டி பஸ். ஓட்டமும் நடையுமாக விசா மையத்துக்குள் நுழையும்போது மணி 11:41. டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, என் எண் வரும்போது 12:20. அதற்கு எதற்கு அந்த ஓட்டம் என்று கேட்க ஆள் இல்லை.

கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களைக் கையால் தொடவில்லை. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஸ்டேட்மென்ட், சரி. லெட்டர், சரி. ஹோட்டல், சரி. அப்புறம் ஒரு பக்கத்தில் ரப்பர் நின்றது.

"இது வேலைக்கான கோட். எஸ்ஸில் தொடங்குவது எங்கே?"

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே தங்கும் அனுமதிக்கான பிஆர்பி அட்டைகள் எல்லாம் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்து, இப்போது ஆன்லைனில் மட்டும் இருக்கும் இவிசாதான். கையில் காட்ட எதுவும் கிடையாது, கேட்கிறவர்கள் நம் அனுமதியை ஆன்லைனில் பார்ப்பதற்கு ஷேர் கோட் என்று ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். எதற்காக என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'வேலை' என்று அமுக்கினால் கோட் டபிள்யூவில் தொடங்கும், 'வாடகை' என்றால் ஆரில், 'வேறு காரணம்' என்றால் எஸ்ஸில். நான் ஹெச்ஆருக்காக எடுத்த டபிள்யூ கோட் 90 நாள் செல்லும் என்பதால், இன்னும் காலாவதி ஆகவில்லையே என்ற தைரியத்தில் அதையே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அது வேலை கொடுப்பவர் பார்ப்பதற்கு. விசா கேட்கப் போகிறவர்களுக்கு எஸ் கோட்தான்.

"இப்போதே போனில் எடுத்துக் காட்டட்டுமா?" என்றேன். போன் கூடாது, பிரிண்ட்தான் வேண்டும், ஒன்றரைக்குள் வந்தால் இதே டோக்கன், இல்லையென்றால் புது அப்பாயின்ட்மென்ட். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பிரிண்டர் இருந்தது, என் கண்ணெதிரே ஓடிக்கொண்டும் இருந்தது. அது "வாடிக்கையாளர்களுக்கு இல்லை". நான் அப்போது வேறு யாராம்?

வெளியே வந்தேன். போனில் 14 சதவீதம் சார்ஜ். இவிசா கணக்கில் நுழைய, எந்த ஆவணத்தை வைத்துக் கணக்குத் தொடங்கினோமோ அதன் எண் வேண்டும். நான் தொடங்கியது பிஆர்பி எண்ணை வைத்து. செத்துப்போன அட்டையை எதற்குச் சுமக்க வேண்டும் என்று அதை வீட்டு அலமாரியில் போட்டு ஏழெட்டு மாதம் ஆகிறது. வீட்டில் இருப்பது என் ரூம்மேட், நர்ஸ், அன்றைக்கு நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறாள். ஒன்பது முறை அழைத்தேன். போன் சைலன்ட்டில் இருந்திருக்கிறது.

நடைபாதையில் நின்றபடி யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. வீடு பார்க்கும்போது ஏஜெண்டுக்கு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். மெயிலில் தேடினால் 2023-இல் அனுப்பியது, முன்பக்கமும் பின்பக்கமும், என் கட்டைவிரல் பாதி மறைத்தபடி. எண் தெரிந்தது! அந்தக் கட்டைவிரல் இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவே வேறு.

அடுத்து பிரிண்ட். இரண்டு கடை தள்ளி ஒரு மளிகைக் கடை, கண்ணாடியில் பார்சல், டாப்அப், போட்டோகாப்பி என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்தவர் என் ஃபைலில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழோ பிள்ளை?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். "பதட்டப்படாதேங்கோ, வைஃபை தாறன், சார்ஜரும் போடுங்கோ, ஆறுதலாச் செய்யுங்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். லாகின் கோட் மெயிலுக்கு வர நாலு நிமிடம் ஆனது, எனக்கு நாலு வருஷம் மாதிரி இருந்தது. எஸ் கோட், இவிசா விவரப் பக்கம் இரண்டையும் பிடிஎஃப் ஆக்கி அவருக்கு அனுப்பினேன், இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றதால் ஒரு சாண்ட்விச்சும் வாழைப்பழமும் வாங்கினேன்.

1:22-க்கு மறுபடி கவுன்டர். அதே பென்சில். ஒரு நொடி பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை அடியில் செருகினார், அவ்வளவுதான். இவ்வளவு ஓடியதற்கு ஒரு தலையசைப்பாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். கட்டணம் (90 யூரோவுக்கான பவுண்டு, கூடவே மையத்தின் சேவைக் கட்டணம்), கைரேகை, கூரியர், எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது.

திரும்பும்போது இன்னும் இரண்டு தப்பு செய்தேன், நீங்களாவது செய்யாதீர்கள். லண்டன் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், கார்டோ போனோ தட்ட வேண்டும். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரு பஸ்ஸுக்கான கட்டணம்தான். ஆனால் எதைத் தட்டித் தொடங்கினோமோ அதையேதான் தட்ட வேண்டும். நான் முதல் பஸ்ஸில் போனைத் தட்டிவிட்டு, சார்ஜ் போய்விடுமே என்று அடுத்ததில் கார்டைத் தட்டினேன். ஒரே பேங்க் கணக்கு, ஆனாலும் அவர்கள் கணக்கில் இரண்டு ஆள், இரண்டு டிக்கெட்.

இரண்டாவது, விக்டோரியா கோச் ஸ்டேஷனில் வந்து இறங்கும் கட்டடம் வேறு, புறப்படும் கட்டடம் வேறு. நடுவில் எலிசபெத் ஸ்ட்ரீட். காலையில் இறங்கிய இடத்திலேயே போய் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். துடைப்பத்தோடு வந்தவர் சொல்லித்தான் தெரியும். சாலையைத் தாண்டி ஓடிப் போனால் என் வண்டி பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. என் டிக்கெட்டோ மாற்ற முடியாத மலிவு டிக்கெட். புதிதாக ஒன்று வாங்கி அடுத்த வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மொத்தமாகப் பார்த்தால் ரயிலை விட ஆறு பவுண்டு மிச்சம்!

கோவென்ட்ரி வந்து சேரும்போது ஒன்பதரை. ரூம்மேட் அடுத்த டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தாள், "கூப்பிட்டியா? என்ன விஷயம்?" என்று ஒரு மெசேஜ்.

முடிவு வர பொதுவாக 15 நாள் வரை ஆகலாம் என்பது விதி. இன்றைக்கு எட்டாவது நாள், கூரியரிடமிருந்து இன்னும் சத்தமே இல்லை. பிஆர்பி அட்டையை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து பர்ஸில் வைத்திருக்கிறேன்.