பிடுங்கினால் ஒரு நாள் வேலை

"பிடுங்கி விடுங்க டொக்டர்."

இலங்கை மலையகத்து ஹட்டனில் பல் டொக்டரிடம் எனக்கு முன்னால் போன அக்கா. தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கன்னத்தைப் பொத்தியிருந்தார். போன வாரம் வலி நின்றதாம், இப்போது வீங்கிவிட்டது.

வலி நின்றால் சுகம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்குமாம். கிருமி மட்டும் வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிடுங்காமல் பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைதான் ரூட் கனால். அதில், பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழ் போன்ற சதையை எடுத்து, வேருக்குள் போகும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 3 குழாய். அப்புறம் மேலே கிரவுன் என்ற உறை. விறைப்பூசி போட்டுத்தான் செய்வார்கள்.

அக்காவுக்கு ஊசி பயமில்லை.

"எத்தன தடவ வரணும்?"

மலையிறங்கி வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். தோட்டத்து லயன் வீடுகளில் இத்தனை பேர் பல்லில்லாமல் இருப்பதற்கு அறியாமையைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.