ராணியை மட்டும் பார்த்தால் போதாது

உள்ளூர்த் தேனீயை மேம்படுத்த நினைப்பவர்கள் நல்ல ராணியைத் தேடுகிறார்கள். ஆண் தேனீக்களை மறந்துவிடுகிறார்கள். பறந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது ராணி. மெல்லிஃபெரா (ஐரோப்பியத் தேனீ) இனத்தில் ஆண் வெளிவர 24 நாள், முதிர்ச்சியடைய மேலும் சுமார் 12 நாள். ராணி 16 நாளில் வந்துவிடும். அதனால் ஆண் தேனீ வளரும் அடைகளை முந்தியே தொடங்குங்கள், அதுவும் வேறு வேறு பெட்டிகளில்.

ஒரே பெட்டியின் வாரிசுகளைப் பெருக்கினால் உறவுக்கலப்புதான் (நெருங்கிய உறவுகளே இணைவது). அப்போது மூடிய புழு அடையில் காலி அறைகள் சிதறிக் கிடக்கும்; உறவுக்கலப்பால் உருவாகும் குறையுள்ள ஆண் புழுக்களை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடுகின்றன. (நோயாலும் இப்படி ஆகும், முதலில் அதைப் பாருங்கள்.)

சுத்தப் பழக்கமுள்ள கூட்டைத் தேர்வு செய்ய, மூடிய 100 கூட்டுப்புழுக்களை மெல்லிய ஊசியால் குத்தி, வேலைக்காரத் தேனீக்கள் எத்தனையை அப்புறப்படுத்தின என்று 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். அதிகம் அப்புறப்படுத்திய கூட்டிலிருந்தே ராணி எடுங்கள்.