சிவப்பணு நார்மல், ரத்தம் கம்மி

மெடிக்கல் கோடிங்கில் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரே வாரத்தில் ஒரே நோய்க்கு இரண்டு தடவை எரர் வாங்கினேன். அதுவும் எதிரெதிர் காரணங்களுக்காக.

திருச்சியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, சென்னை பெருங்குடியில் வேலைக்கு வந்திருந்தேன். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டைப் படித்து, டாக்டர் எழுதியிருக்கும் நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் என்ற நோய்ப் பட்டியலிலிருந்து கோடு போட வேண்டும். ரத்தச் சோகை என்றால் எனக்குக் கொஞ்சம் தெனாவட்டு உண்டு. கல்லூரி லேபில் ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் ஆயிற்றே.

முதல் சார்ட்டில் டாக்டர் எழுதியிருந்தது இரண்டே விஷயம்: நார்மோசைடிக் அனீமியா (சிவப்பணுவின் அளவு நார்மலாக இருக்கும் ரத்தச் சோகை), ரீனல் இன்சஃபிஷியன்சி (சிறுநீரகச் செயல்குறைவு). லேப் பக்கத்துக்குப் போனேன். ஹீமோகுளோபின் 8.9. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.6, இஜிஎஃப்ஆர் 24; இரண்டுமே மோசம். சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 88. அது 80க்கும் 100க்கும் இடையில் இருந்தால்தான் நார்மோசைடிக். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் குறைந்தால் சிவப்பணு செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போகாது. அணுக்கள் எண்ணிக்கையில் குறையும், அளவில் அப்படியே இருக்கும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. நான்காம் நிலை நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு (சிகேடி) என்18.4, அதனால் வந்த ரத்தச் சோகைக்கு டி63.1 என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, நாங்கள் போடும் கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் அக்கா என் இடத்தில் நின்றார்.

"இதுல சிகேடின்னு எங்க எழுதியிருக்கு?"

இஜிஎஃப்ஆரைக் காட்டினேன்.

"அது லேப் சொன்னது. டாக்டர் எங்க சொன்னார்?"

எங்கும் சொல்லவில்லை. வெறும் ரீனல் இன்சஃபிஷியன்சிக்கு என்28.9. வெறும் நார்மோசைடிக் அனீமியாவுக்கு டி64.9, அதாவது காரணம் குறிப்பிடப்படாத ரத்தச் சோகை. எண்களைப் பார்த்து நோயை முடிவுசெய்வது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு சார்ட். இந்தத் தடவை சிகேடி நான்காம் நிலை என்று டாக்டரே எழுதியிருந்தார். நாலு வரி தள்ளி நார்மோசைடிக் அனீமியா. இதனால் அது என்று எங்கும் இல்லை. சூடு கண்ட பூனையாக டி64.9 போட்டேன். அதுவும் தப்பு! கோடு புத்தகத்தின் இண்டெக்ஸில் அனீமியாவின் கீழே 'இன், டியூ டு, வித்' என்று ஒரு தலைப்பு வரும். அதற்கடியில் நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அப்படி இருந்தால், வேறு காரணம் என்று டாக்டர் சொல்லாதவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டி63.1தான் சரி.

"அன்னிக்கு நீங்கதானேக்கா வேண்டாம்னீங்க?"

"அன்னிக்கு அவர் சிகேடின்னே எழுதலம்மா. இன்னிக்கு எழுதியிருக்கார்."

அன்று இரவு ஹாஸ்டலில் யோசித்துப் பார்த்தேன். நார்மோசைடிக் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை, அணுவின் அளவைச் சொல்லும் அடைமொழி. அதையும் முழுசாக நம்ப முடியாது, ஏனென்றால் எம்சிவி ஒரு சராசரி. இரும்புச்சத்துக் குறைவில் அணு சிறுக்கும், பி12 குறைவில் பெருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் சராசரி 90 என்று சாதுவாக வந்து நிற்கும். அப்போது அளவுகளின் ஏற்றத்தாழ்வைச் சொல்லும் ஆர்டிடபிள்யூதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் வந்ததுதான் இடுப்பெலும்பு முறிந்த பாட்டியின் சார்ட். அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 12.4, மறுநாள் 7.8. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். டாக்டர் எழுதியது: அறுவைக்குப் பின் நார்மோசைடிக் அனீமியா, கண்காணிப்போம். திடீரென்று ரத்தம் போனால் மிச்சமிருக்கும் அணுக்கள் பழைய அளவிலேயே இருக்கும் என்பதால் எம்சிவி மாறாது. இது ரத்த இழப்பால் வந்தது என்று யாருக்கும் தெரியும். ஆனால் அதற்கான டி62 கோடு போட 'அக்யூட் பிளட் லாஸ்' (திடீர் ரத்த இழப்பு) என்று அவர் எழுதியிருக்க வேண்டும். 'அறுவைக்குப் பின்' என்பது எப்போது என்று மட்டும்தான் சொல்கிறது, எதனால் என்று சொல்வதில்லை. டி62 வந்தால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் பணமும் கூடக்கூடும். அதனால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

கை துறுதுறுத்தது. போடாமல், டாக்டரிடமே விளக்கம் கேட்கும் க்வெரி எழுதினேன். க்வெரியிலும் ஒரு சங்கடம், 'இது ரத்த இழப்புதானே?' என்று கேட்கக் கூடாது. அது பதிலை நாமே எடுத்துக்கொடுக்கும் லீடிங் க்வெரி. அளவுகளையும் ஏற்றிய ரத்தத்தையும் எழுதி, பொருந்தக்கூடிய காரணங்களை வரிசையாகக் கொடுத்து, 'வேறு', 'சொல்ல இயலாது' என்ற இரண்டையும் சேர்த்து, தேர்வை அவரிடம் விட வேண்டும். மூன்று முறை அடித்துத் திருத்தினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: அக்யூட் பிளட் லாஸ் அனீமியா. டி62 போட்டேன்.

போன மாதம் அப்பா தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இருபது வருஷமாக சர்க்கரை அவருக்கு. ஹீமோகுளோபின் 10.1. கீழே, நார்மோசைடிக் நார்மோகுரோமிக். அதாவது அணுவின் அளவும் நார்மல், நிறமும் நார்மல்.

"ரெண்டு தடவை நார்மல்னு போட்டிருக்காம்மா, பாத்தியா?"

டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து சீட்டை அனுப்பினார். கையெழுத்து ஒரு எழுத்தும் புரியவில்லை. அமெரிக்க சார்ட் எல்லாம் டைப் அடித்து வரும், அந்தச் சொகுசு இங்கே இல்லை. போன் போட்டேன்.

"என்னப்பா சொன்னார்?"

"ரத்தம் கம்மியா இருக்குன்னார்."

"எதனாலன்னு சொன்னாரா?"

"மாத்திரை குடுத்திருக்கார்."

டி64.9 என்று மனசு தானாகப் போட்டுக்கொண்டது.

"அடுத்த தடவை போறப்ப, கிட்னியினாலயான்னு கேளுங்கப்பா. கிரியேட்டினின் பாக்கணுமான்னும் கேளுங்க" என்றேன்.

அப்பட்டமான லீடிங் க்வெரி. நல்லவேளை, அப்பாவின் சார்ட்டுக்கு ஆடிட் கிடையாது.