புறவாசலுக்கு வந்த ஆறுமணிக்குருவி

கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாயை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டின் புறவாசலில் ஆறுமணிக்குருவியின் குரலை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவந்தேன்; பறவையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாள்களில், விடிந்தும் விடியாத பொழுதில், இரண்டே சுரங்களில் சீழ்க்கை அடித்ததுபோல் அது கூப்பிடும். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடியும் அதே குரல் வரும். இடைப்பட்ட பகலில் அங்கே அப்படியொரு பறவை இருக்கும் சுவடே தெரியாது.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது. பிட்டா என்று உலகம் முழுக்க வழங்கும் பெயர், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து போனது.

முதல் ஆண்டு, குரல் வந்த திக்கை நோக்கி நடந்தேன். நடக்க நடக்கக் குரல் நின்றுபோனது. இரண்டாம் ஆண்டு, கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டேன். ஒருமுறை பதில் வந்தது. பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கமே சத்தம் இல்லை. அத்தனை தொலைவு பறந்து களைத்து வந்த ஒன்றிடம், 'உன் இடத்துக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான்' என்று பொய் சொல்லிவிட்டதாகவே எனக்குப் பட்டது. அதன்பின் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எனக்குப் பழக்கமான அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர், கடந்த ஆவணியில் வீட்டுக்கு வந்தபோது புறவாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தரை இப்படித் துடைச்சு வச்ச மாதிரி இருந்தா அது எதைத் தின்னும்?" சருகுக்கு அடியில் இருக்கும் புழுவும் கறையானும் வண்டும்தான் அதன் இரை, எங்கள் ஆச்சியோ நாள்தோறும் ஒரு சருகு விடாமல் பெருக்கித் தீ வைத்துவிடுவார். "சருகு கிடந்தா பாம்பு அடையும்யா" என்று அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் வீட்டை விட்டுத் தள்ளி, கிணற்றுக்கு அந்தப்புறம் நிற்கும் மாமரத்தடியை மட்டும் பெருக்காமல் விடுவதென்று பேசி முடித்தோம். மழை தொடங்கும்வரை வாரம் இருமுறை சருகின்மேல் தண்ணீர் தெளித்தேன். அகலமான மண்சட்டி ஒன்றைத் தரையோடு தரையாகப் பதித்து நீர் ஊற்றி வைத்தேன். புரட்டாசி நடுவில் சருகைக் கிளறியபோது, அடிமண் கருத்து, மண்புழுக்கள் நெளிந்தன.

ஐப்பசி நான்காம் நாள் காலை 6.20 மணி. துவைகல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சருகு சரசரத்தது, ஓணான் என்று நினைத்தேன். மைனாவைவிடச் சிறிய, கட்டை வால் பறவை ஒன்று தத்தித் தத்தி வந்து, அலகால் ஒரு மாவிலையைப் புரட்டி எறிந்தது. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், கண்ணின் குறுக்கே மைதீட்டிய கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு புழுவை இழுத்தது. அது பாதி வந்து நின்றதும் கால்களை அகட்டி ஊன்றி மறுபடி இழுத்தது. இருநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்தக்கூட எனக்குக் கை எழவில்லை.

அன்று மாலையே அண்ணாச்சியும் இன்னும் இரண்டு நண்பர்களும் வந்துவிட்டார்கள். வெளிச்சத்தில் தடுமாறி ஒரு வீட்டுக்குள் விழுந்த ஆறுமணிக்குருவியை அண்ணாச்சி பல ஆண்டுகளுக்கு முன் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்த பிறகு பறக்கவிட்டிருக்கிறார். தானாக நடந்து இரை தேடும் ஒன்றை அவரும் பார்த்ததில்லை. நான்கு பேரும் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் அது சருகிலிருந்து எழும்பி நார்த்தையின் தாழ்ந்த கிளையில் அமர்ந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கூப்பிட்டது. அண்ணாச்சியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. கால்வாய்க்கு அப்பாலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. இரண்டாவது ஒன்று அங்கே இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

இருட்டிய பிறகுதான் எழுந்தோம். அடுக்களை வாசலில் காப்பியோடு நின்ற ஆச்சி, "வந்துச்சாய்யா?" என்று கேட்டார். எனக்கு முந்தி அண்ணாச்சி சொன்னார்: "வந்துட்டு ஆச்சி, வந்துட்டு."