இடது பக்கமாகப் படுத்தபடி

ஜனவரி 7

இன்றும் எழுந்திருக்கக் கூடாதாம். இடது பக்கமாகவே படுக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது சுவர் மட்டும்தான். அதனால் எட்டாம் ஹென்றியைப் படிக்கிறேன், ஆண் வாரிசு வேண்டும் என்று மனைவி மாற்றி மனைவி கட்டிய இங்கிலாந்து ராஜா. முதல் மனைவி கேத்தரின் இறந்ததும் இதே ஜனவரி 7-தான், 1536-இல், கிம்போல்டன் கோட்டையில். அதற்குள் அவளிடமிருந்து ராணிப் பட்டத்தையே பிடுங்கியிருந்தார்கள். கல்யாணம் செல்லாது என்றார்கள், செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இருந்தாள். அப்படியே செத்தாள்.

ஜனவரி 8

அத்தை வீடியோ காலில் வந்தார். "இந்தத் தடவை வயிறு வேற மாதிரி இருக்கு" என்றார். போனில் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

ஜனவரி 12

கேத்தரினின் பையன் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறான். 1511 புத்தாண்டு அன்று பிறந்தான். அவனுக்கும் ஹென்றி என்றே பெயர். பிப்ரவரி நடுவில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஈட்டிப் போட்டி, ஆட்டம், பாட்டு. ராஜாவின் உடையில் தங்கத்தில் எழுத்துகள் தைத்திருந்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்து அதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. ராஜா சிரித்துக்கொண்டே நின்றாராம், பையன் பிறந்த சந்தோஷம். பிப்ரவரி 22, குழந்தை போய்விட்டது. 52 நாள்.

தங்க எழுத்தைப் பிய்த்துக்கொண்டு போனவர்கள் அதை என்ன செய்திருப்பார்கள்? விற்றிருப்பார்களா?

ஜனவரி 13

தூக்கம் இல்லை.

ஜனவரி 17

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே ராணியை ஓர் அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றிலும் கனமான திரை. வெளிச்சத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. எனக்கு டியூப்லைட்டும் ஃபேனும் இருக்கிறது, குறை சொல்லக் கூடாது.

இரண்டாவது மனைவி ஆன் போலினும் அப்படித்தான் 1533-இல் கிரீனிச் அரண்மனையில் உள்ளே போனாள். வெளியே எல்லாம் தயார். ஈட்டிப் போட்டி தயார், நாடெங்கும் அனுப்ப வேண்டிய கடிதங்களும் தயார். அதில் 'பிரின்ஸ்', அதாவது இளவரசர் பிறந்தார் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். செப்டம்பர் 7, பிறந்தது பெண். புதுசாக எழுத யாருக்கும் பொறுமை இல்லை போல. சொல்லின் வாலில் ஒரு 'எஸ்' எழுத்தை நெருக்கிச் செருகி அனுப்பிவிட்டார்கள். போட்டி ரத்து.

அந்தச் செருகிய எழுத்துதான் எலிசபெத்.

ஜனவரி 18

அத்தை பெயர் தேர்ந்தெடுத்துவிட்டாராம். ஒரே ஒரு பெயர்.

ஜனவரி 29

இன்று காலையிலிருந்து ரத்தம் இல்லை. இல்லை. இரண்டு தடவை நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

கேத்தரினைப் புதைத்தது இதே நாளில். ஆன் போலினுக்குக் குழந்தை கலைந்ததும் அதே நாளில்தான். ஆண் குழந்தை போலத் தெரிந்தது என்று அரண்மனையிலிருந்த தூதர் எழுதினார். மே 19-ஆம் தேதி அவள் தலை போனது. அந்த மாதம் முடிவதற்குள் ராஜாவுக்கு மூன்றாவது கல்யாணம். நான் ஏன் இதைப் படிக்கிறேன்? வேறு புத்தகம் கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3

வேறு புத்தகம் வந்தது. பிரிக்கவில்லை.

குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவில் இருக்கிறது. இதை 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவுப்புழுவின் செல்லைப் பார்த்துச் சொன்னார். ஹென்றி கதை முடிந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ம்ம்" என்றார். "உங்க அம்மாகிட்ட சொல்லுங்களேன்" என்றேன். "நீயே சொல்லேன்." அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 9

பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, "பொண்ணா இருந்தா என்ன, எலிசபெத் ராணி 44 வருஷம் ஆண்டாளே" என்றாள். நான் படிப்பதைப் பார்த்துச் சொன்ன ஆறுதல். நல்ல மனசுதான். ஆனாலும் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

பெண்ணாகப் பிறந்ததற்கு மன்னிப்பு வாங்க 44 வருஷம் நாட்டை ஆள வேண்டுமா? கேத்தரினின் மகள் மேரியை ஏன் யாரும் சொல்வதில்லை? அவளும் மகள்தான், அவளும் ராணிதான், ஐந்து வருஷம்தான் ஆண்டாள். கேத்தரினுக்கு 1510-இல் இறந்தே பிறந்த பெண் எந்தக் கணக்கு? 1518-இல் இன்னொன்று. பெயர்கூட வைக்கவில்லை. என் பெரியவளுக்கு ஏழு வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. சின்னவள் செருப்பை மாற்றித்தான் போடுவாள். இரண்டு பேரும் எதையும் ஆள வேண்டாம்.

அழுதேன். அழுதால் பிரஷர் ஏறும் என்கிறார்கள்.

பிப்ரவரி 10

நாலாவது மனைவி ஆன் ஆஃப் கிளீவ்ஸ்தான் கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் கல்யாணம் செல்லாது என்றதும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு வாசல் வாங்கிக்கொண்டு, ராஜாவுக்கு அப்புறமும் உயிரோடு இருந்தாள்.

பிப்ரவரி 15

மூன்றாவது மனைவி ஜேன் சீமோர். இவளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் கேட்டதைக் கொடுத்தவள் இவள்தான். 1537 அக்டோபர் 12, ஹாம்ப்டன் கோர்ட், எட்வர்ட். வலி இரண்டு நாளுக்கு மேல். மூன்றாம் நாள் ராத்திரி ஞானஸ்நானம். அவளைப் போர்த்தி உட்கார வைத்து, வந்தவர்களை வரவேற்க வைத்தார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி ஆள் இல்லை. ராஜா தன்னை அவள் பக்கத்தில்தான் புதைக்கச் சொன்னார், விண்ட்சரில். பெரிய மரியாதைதான். பையனும் பதினைந்து வயதில் போய்விட்டான்.

உட்கார வைத்தபோது அவளுக்கு முதுகு வலித்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிப்ரவரி 19

பிரஷர் ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம். இனிக் காத்திருக்க வேண்டாம், 22-ஆம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வேறு தேதி கேட்டேன். ஏன் என்றார். 1511 என்றா சொல்ல முடியும்?

பிப்ரவரி 20

கை, முகம் எல்லாம் வீங்கியிருக்கிறது. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். அத்தை கிளம்பி வருகிறாராம். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இவரைக் கேட்க வேண்டும். நர்ஸ் திரும்பவும் பிரஷர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டாக்டருக்குப் போன் பண்ணப் போயிருக்கிறாள். தேதி எதுவானாலும் சரி, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அத்தையிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், அந்தப் பெயர்